அரைகுறை என்ற சொல்லும் ஒரு கவுனின் ஓரமும்

முன்னால் முழங்காலுக்கு மேலே நின்று, பக்கவாட்டில் சரிந்து, பின்னால் கணுக்கால்வரை இறங்கும் கவுனை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'ஹை-லோ' என்று பெயர். கிண்டலாகச் சொல்வதென்றால் 'மல்லட் டிரஸ்'. முன்னால் ஒட்ட வெட்டிப் பின்னால் நீளமாக விடும் முடிவெட்டின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். 2011, 2012 வாக்கில் கடை கடையாகத் தொங்கியது. அப்புறம் கேலிப்பொருளானது. ஆனாலும் முழுசாகப் போய்விடவில்லை. பட்டமளிப்பு விருந்து, கல்யாண ரிசப்ஷன், தீபாவளிச் சந்தையில் தொங்கும் குர்த்தி என்று ஏதாவது ஒரு வடிவத்தில் இன்றும் இருக்கிறது. இந்த வெட்டைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் முக்கால்வாசி ஒரே சொல்லில்தான் வந்து நிற்கும்: அரைகுறை.

தமிழில் இது இரண்டு வேலை செய்யும் சொல். உடையைப் பற்றிச் சொன்னால் உடம்பைச் சரியாக மூடவில்லை என்று அர்த்தம். வேலையைப் பற்றிச் சொன்னால் ஒழுங்காக முடிக்கவில்லை என்று அர்த்தம். "அரைகுறையா உடுத்திக்கிட்டு வர்றா" என்பது ஒழுக்கத் தீர்ப்பு. "அரைகுறையா செஞ்சு வச்சிருக்கான்" என்பது தொழில் தீர்ப்பு. இந்தக் கவுனைப் பார்த்துச் சொல்லும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. துணி போதாமல் போய்விட்டது என்கிறாரா, கால் தெரிவது பிடிக்கவில்லை என்கிறாரா? சொல்பவருக்கே தெளிவாகத் தெரிவதில்லை. தெளிவில்லாததால்தான் அந்தச் சொல் அவருக்கு வசதியாகவும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையில் என் நோக்கம். பிரித்த பிறகு ஒன்று விமர்சனமாக மிஞ்சும். மற்றொன்று மிஞ்சாது.

தொழில் தீர்ப்பிலிருந்து தொடங்குகிறேன். இது முடிவெடுக்கத் தெரியாத உடை, குட்டையாகத் தைக்க ஆரம்பித்துப் பாதியில் மனசு மாறிவிட்ட மாதிரி இருக்கிறது என்கிறார்கள். நான் கட்டுமானத் துறையில் வேலை செய்யும் பொறியாளர். எதையும் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மேலே பேச முடிகிறது.

வட்டப் பாவாடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட்டமாக வெட்டிய துணி, நடுவில் இடுப்புக்கு ஒரு சின்ன வட்டம். இரண்டுக்கும் ஒரே மையம் என்றால் ஓரம் சுற்றிலும் ஒரே நீளத்தில் விழும். இடுப்பு வட்டத்தை மட்டும் மையத்திலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள், அவ்வளவுதான், ஹை-லோ தயார். துணியின் ஆரம் 80 செண்டிமீட்டர், இடுப்பின் ஆரம் 11 என்று வைத்துக்கொண்டால், நகர்த்தாத பாவாடை சுற்றிலும் 69 செண்டிமீட்டர் நீளம். இடுப்பு வட்டத்தை 15 செண்டிமீட்டர் முன்னுக்குத் தள்ளினால் முன்னால் 54, பின்னால் 84. வித்தியாசம் 30, அதாவது நகர்த்தியதைப் போல் சரியாக இரண்டு மடங்கு. பக்கவாட்டில் ஏறக்குறைய 68, பழைய நீளத்துக்கு ஒரு செண்டிமீட்டர்தான் குறைவு.

இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது துணியின் அளவு. இரண்டு பாவாடைகளிலும் துணி ஒன்றேதான். ஒரு விரற்கடைகூடக் கூடவில்லை, குறையவில்லை. முன்னால் எடுத்ததைப் பின்னால் கொடுத்திருக்கிறார்கள். 'அரை'யும் இல்லை, 'குறை'யும் இல்லை. மையத்தை நகர்த்துவது என்பது வெட்டுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டிய முடிவு. கத்தரிக்கோல் போட்ட பிறகு மனசு மாறினால் இந்த வளைவு வரவே வராது.

இதே வெட்டு ஆண்களின் உடையில் இருநூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. மேற்கத்திய டெயில் கோட்டை நினைத்துப் பாருங்கள். முன்னால் இடுப்போடு நின்றுவிடும், பின்னால் முழங்கால் பக்கம்வரை இரண்டு வால்கள் தொங்கும். குதிரை ஏறுகிறவனுக்கு முன்பக்கத் துணி தொடையில் மடிந்து இடைஞ்சல் செய்யும் என்பதால் அதை வெட்டி எடுத்தார்கள். பின்னர் குதிரை போய்விட்டது, கோட்டு மட்டும் நின்றது. இன்றும் இசைக்குழு நடத்துநர்கள் அதை அணிந்துகொண்டு மேடை ஏறுகிறார்கள். 'ஐயா, உங்கள் கோட்டுக்கு முன்னால் துணி பத்தவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? அலுவலகத்துக்குப் போட்டுப் போகும் சாதாரணச் சட்டையின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். பல சட்டைகளில் பின்பக்கம் சற்று இறங்கித்தான் இருக்கும். குனியும்போது கால்சட்டைக்குள்ளிருந்து வெளியே வராமலிருக்க அந்த ஏற்பாடு. சைட்டில் தினமும் ஐம்பது தடவை குனிந்து நிமிர்கிறவர்கள் எல்லாரும் ஒருவகையில் ஹை-லோதான் அணிந்திருக்கிறார்கள்.

நம் வட்டாரத்தில் இதற்குத் தலைகீழான உதாரணமும் இருக்கிறது. ஞோஞா கெபாயாவில் முன்பக்க ஓரங்கள் இரண்டும் கூர்முனையாகக் கீழே இறங்கும், பின்பக்கம் ஏறி நிற்கும். மூன்று கெரோசாங் ஊசிகளால் மார்பருகே இணைத்துவிட்டால், அந்த இரண்டு முனைகளும் சாரோங்கின்மேல் ஒரு அம்புக்குறி மாதிரி விழுகின்றன. 2024இல் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து முன்மொழிந்து, கெபாயா யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் ஓரம் ஒரே மட்டத்தில் இல்லையே என்று எந்த நாடும் கவலைப்படவில்லை. ஆக, ஓரம் ஏறி இறங்குவது யாருக்கும் பிரச்சினை இல்லை. எந்தப் பக்கம் ஏறுகிறது, யாருடைய உடம்பில் ஏறுகிறது என்பதுதான் பிரச்சினை.

ஓரம் உண்மையிலேயே முடிவெடுக்காமல் தடுமாறிய காலமும் ஒன்று உண்டு. 1920களின் நடுவில் மேற்கத்தியப் பெண்களின் பாவாடை முழங்கால்வரை ஏறியது. 1930களின் தொடக்கத்தில் மறுபடியும் கீழே இறங்கிவிட்டது. இடையில், 1928, 1929இல் வந்த மாலைநேர உடைகளைப் பார்த்தால் முன்னால் முழங்கால், பின்னால் கணுக்கால். 1929இல் பாரிஸில் ஜான் பத்தூ ஓரத்தை முழுசாக இறக்கிவிட்டார் என்று உடை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்பே பின்பக்கம் மெதுவாக இறங்கத் தொடங்கியிருந்தது என்பதற்கு அந்த இரண்டு வருடத்து உடைகள் சாட்சி. பழைய நீளமும் புதிய நீளமும் ஒரே உடையில் இருந்தன. இதைத் தடுமாற்றம் என்று சொல்லலாம். நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. ஒரு காலம் இன்னொன்றாக மாறுவதை நாவலில் காட்ட முந்நூறு பக்கம் வேண்டும். இங்கே அது ஒரு ஓரத்தில் தெரிகிறது.

பாவாடை நீளத்தையும் பொருளாதாரத்தையும் முடிச்சுப் போடும் ஒரு பழைய பேச்சு உண்டு: பங்குச் சந்தை ஏறினால் பாவாடை ஏறும், விழுந்தால் இறங்கும். ஜார்ஜ் டெய்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பெயரில் இதைச் சொல்வார்கள். 2010இல் ரோட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் 1921 முதல் 2009 வரையிலான தரவுகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். தொடர்பு இருக்கிறது, ஆனால் பாவாடை பொருளாதாரத்துக்கு ஏறக்குறைய மூன்று வருடம் பின்னால் வருகிறது என்று முடிவு சொன்னார்கள். சுவாரசியமான ஆய்வு. ஆனால் இப்படி ஒரு குறியீடு வேலை செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு பாவாடைக்கும் ஒரே ஒரு நீளம் இருக்க வேண்டும். முன்னால் 54, பின்னால் 84 என்று நிற்கும் பாவாடையை எந்தக் கட்டத்தில் போடுவது? சராசரி எடுத்தால் 69, அதாவது அது என்னவாக இல்லையோ அந்த எண்.

ஒற்றை எண் கேட்பது ஆய்வாளர்கள் மட்டுமில்லை. அரைகுறையின் இரண்டாவது அர்த்தம் இங்கேதான் உள்ளே வருகிறது. நான் படித்த பல்கலைக்கழகத்தில் ஆண்டு விருந்துக்கு ஒரு விதி இருந்தது: பாவாடை முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். எங்கள் தோழி ஒருத்தி கரும்பச்சை நிறத்தில் ஒரு ஹை-லோ கவுன் போட்டு வந்தாள். மண்டப வாசலில் நின்ற அதிகாரி முன்னால் பார்த்தார், தயங்கினார். "புசிங்" என்றார். திரும்பிக் காட்டினாள். பின்னால் தரைக்கு நாலு விரல் உயரத்தில் ஓரம். மறுபடியும் "புசிங்." அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தார். அவர் கையிலிருந்த விதி ஒரு நேர்க்கோடு, அவர் முன்னால் நின்றது ஒரு வளைவு. கடைசியில் ஒரு செலெண்டாங்கை முன்பக்கம் மட்டும் ஏப்ரன் மாதிரி கட்டச் சொல்லி உள்ளே விட்டார். அன்று இரவு முழுக்க அவள் சமையல்கட்டிலிருந்து நேராக வந்தவள் மாதிரி இருந்தாள்.

இடத்துக்கு ஏற்ற உடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பத்துமலைப் படி ஏறும் முன் சாரோங் கட்டிக்கொள்ளச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது இடத்தின் மரியாதை பற்றிய பேச்சு, எதிரில் நிற்பவளின் ரசனை பற்றியதல்ல. நான் மறுப்பது வேறொன்றை. 'இந்த உடை நல்லா இல்ல' என்று ரசனையின் குரலில் ஆரம்பித்து, 'இத போடுறவ எப்படிப்பட்டவ' என்று வேறு குரலில் முடிக்கும் பழக்கத்தை. முதல் பாதிக்கு ஆதாரம் கேட்டால் இரண்டாம் பாதியைக் காட்டுவார்கள். இரண்டாம் பாதியைக் கேள்வி கேட்டால், 'நான் உடையப் பத்திதான் சொன்னேன்' என்பார்கள். அரைகுறை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் உட்கார்ந்திருப்பதால் எந்தப் பக்கம் பிடித்தாலும் மறுபக்கம் நழுவிவிடலாம்.

இந்த வெட்டின் மிகப் பிரபலமான உதாரணம் நான் பிறப்பதற்கு முன்னால் வந்தது. 1992இல் வெளியான கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் 'நவம்பர் ரெயின்' பாடல் காணொளி. மணமகளாக வரும் ஸ்டெஃபனி சீமோர் ஒரு வெள்ளைக் கவுன் அணிந்திருக்கிறார். முன்னால் தொடை தெரியும் அளவுக்குக் குட்டை. பின்னால் தேவாலயத்தின் தரையில் இழுபடும் நீளம். 2018இல் அந்தக் காணொளி யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டியது. இவ்வளவு பேர் பார்த்த திருமண உடைகள் உலகத்தில் அதிகம் இருக்க முடியாது. மணப்பெண் கவுனில் முன்பாதியைக் காணோம் என்ற கிண்டல் அப்போதிருந்து இப்போதுவரை ஓயவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் ஒரு கூடுதல் விஷயம் உண்டு. அந்தக் காணொளியின் கதைக்கு மூலம் டெல் ஜேம்ஸ் எழுதிய 'வித்தவுட் யூ' என்ற சிறுகதை. காணொளியில் முதலில் திருமணம், அப்புறம் விருந்தில் திடீர் மழை, அதன் பிறகு அதே பெண்ணின் சவப்பெட்டி. இடையில் என்ன நடந்தது என்று சொல்லாமலே தாண்டிவிடுகிறார்கள். அந்தக் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது உடை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. முன்பக்கம் ஓடத் தயாராக இருக்கிறது, ஒரு ராக் இசை நிகழ்ச்சிக்கு அப்படியே போய்விடலாம். பின்பக்கம் தேவாலயத்துக்கு உரியது. கனமாக, மெதுவாக, ஒரு சடங்கை இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரே பெண்ணை இரண்டு வேகங்கள் பிடித்திருக்கின்றன. சுற்றிலும் ஒரே நீளமான கவுனைப் போட்டிருந்தால் அது இன்னொரு கல்யாணக் காட்சியாகத்தான் இருந்திருக்கும். ஆகவே நான் அதை நல்ல உடை என்றே சொல்வேன். கால் தெரிவதற்காக அல்ல, கால் தெரிந்தாலும் பரவாயில்லை என்பதற்காகவும் அல்ல. அந்தக் கதைக்கு அது தேவைப்பட்டது, அதனால்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டட வரைபடத்தில் முன்தோற்றம், பின்தோற்றம், பக்கத்தோற்றம் என்று மூன்றையும் கேட்டு வாங்குவோம். ஒன்றை மட்டும் பார்த்துக் கட்டடத்தைத் தீர்மானிக்க முடியாது. ஹை-லோவின் முன்தோற்றம், குட்டைப் பாவாடைக்குப் பின்னால் திரைச்சீலை தொங்குவது மாதிரி இருக்கும். பின்தோற்றம் சாதாரண நீளக் கவுன். அந்த வளைவு பக்கத்தோற்றத்தில்தான் தெரியும், அதுவும் அணிந்தவர் நடக்கும்போது. ஆனால் கண்ணாடி முன்னால் இருக்கிறது, கேமரா முன்னால் இருக்கிறது, வாசலில் நிற்கும் அதிகாரியும் முன்னால்தான் நிற்கிறார். இந்த உடையைப் பற்றிய கருத்துகளில் பெரும்பகுதி முன்தோற்றத்தை மட்டும் பார்த்துச் சொன்னவை. நின்றுகொண்டிருக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னவை.

அப்படியானால் இந்த வெட்டில் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. 2012இல் வந்த அலையில் பெரும்பாலானவை மோசமான உடைகள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் காரணம் வேறு.

முன்னால் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும் இருக்கும் உடையில், எதிரே நிற்பவர் பார்ப்பது பின்பக்கத் துணியின் உள்பக்கத்தை. சாதாரணக் கவுனில் உள்பக்கம் யார் கண்ணிலும் படாது. எவ்வளவு மோசமாகத் தைத்திருந்தாலும் தப்பித்துவிடலாம். ஹை-லோவில் அந்தச் சலுகை இல்லை. உள்ளே மறைத்து வைக்க வேண்டியதெல்லாம் முன்பக்கத்துக்கு வந்து நிற்கிறது. பாசார் மாலாமில் முப்பது நாப்பது வெள்ளிக்கு விற்கும் கவுன்களில் பூப்போட்ட பாலியெஸ்டர் துணி ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும். உள்பக்கம் வெளுத்துப்போய், பூக்களின் பேய் மாதிரி தெரியும். ஓவர்லாக் நூல் பிசிறு பிசிறாகத் தொங்கும். லைனிங் இருந்தால் அது முன்பக்கத்தோடு நின்றிருக்கும்.

அம்மா வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவர். எந்தத் துணியைக் காட்டினாலும் முதலில் புரட்டித்தான் பார்ப்பார். "வெளிப்பக்கம் யாரு வேணும்னாலும் அழகா தைக்கலாம்டி. உள்பக்கத்தக் காட்டு, தச்சவ யாருன்னு சொல்றேன்" என்பார். ஹை-லோவைப் பற்றி அவர் சொல்லும் குறைகள் எதிலும் கால் வருவதில்லை. வட்ட வெட்டில் சில இடங்களில் துணி குறுக்கிழையில் விழும். அந்த இடம் தன் எடையிலேயே இழுத்துக்கொண்டு நீளும். "ஒரு ராத்திரியாவது தொங்க விட்டுட்டுதான் ஓரம் அடிக்கணும். அவசரத்துல அடிச்சா ரெண்டு துவைப்புல கோணிக்கும்." வளைந்த ஓரத்தில் அகலமாக மடிக்கவும் முடியாது. வெளிவட்டம் உள்வட்டத்தைவிட நீளம் என்பதால் மடிப்புக்குள் துணி மிஞ்சிச் சுருங்கும். மெல்லிசாக உருட்டி அடிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே தனித் துணி வைத்துத் திருப்ப வேண்டும். இரண்டுக்கும் நேரம் பிடிக்கும். ஆயிரக்கணக்கில் தைத்துத் தள்ளும் ஆலையில் அந்த நேரத்தை யார் கொடுப்பார்கள்?

இதைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ நடனத்தில் 'பாத்தா தெ கோலா' என்று நீண்ட வால் வைத்த பாவாடை உண்டு. ஆடுகிறவர் அந்த வாலைக் காலால் எற்றிச் சுழற்றிப் புரட்டுவார். புரளும்போது உள்பக்கம் தெரியும் என்பதால் உள்ளேயும் அடுக்கடுக்காகக் கொசுவம் வைத்துத் தைத்திருப்பார்கள். ஸ்பெயினில் பிறந்த கிறிஸ்டோபால் பாலென்சியாகா பாரிஸில் 1950களின் இறுதியிலும் 1960களிலும் முன்னால் ஏறிப் பின்னால் தரைதொடும் மாலை உடைகளைச் செய்தபோது, அந்த நடன உடையின் நினைவு அவருக்குள் இருந்தது என்றே தோன்றுகிறது. 1958இல் ஆப்ரகாம் என்ற சுவிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'காசார்' என்ற விறைப்பான பட்டுத்துணியை அவர் உருவாக்கினார். அது உடம்போடு ஒட்டாது. வளைத்த இடத்தில் வளைந்து நிற்கும். துணிக்கு இந்த விறைப்பு இல்லையென்றால் ஹை-லோவின் வளைவு நிற்காது, துவண்டு காலோடு ஒட்டிக்கொள்ளும். அவர் உடைகளை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். படத்திலேயே அந்த ஓரம் கட்டடத்தின் விளிம்பு மாதிரி நிற்கிறது.

ஆகவே, இந்த வெட்டை மதிப்பிட என் கையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வளைவைத் தாங்கும் துணியா? உள்பக்கம் முடிக்கப்பட்டிருக்கிறதா? அணிந்தவர் நடக்கும்போது அது கூட நடக்கிறதா? இந்த மூன்றில் தோற்ற கவுனை நான் தயங்காமல் அரைகுறை என்பேன், தொழில் அர்த்தத்தில். முன்பக்கம் கணுக்கால்வரை மூடியிருந்தாலும் அதே சொல்லைத்தான் சொல்வேன். மூன்றிலும் ஜெயித்த கவுன், எவ்வளவு குட்டையாக இருந்தாலும், முழுமையான உடை. அதைப் போடலாமா, எங்கே போடலாம் என்பது அணிகிறவர் எடுக்க வேண்டிய முடிவு. பார்க்கிறவருக்கு அதில் ஓட்டு இல்லை.

இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். நாம் எழுதும் மதிப்புரைகளைத் திருப்பிப் பாருங்கள். உடம்பைப் பற்றி வெளிப்படையாக எழுதிய பெண்ணின் தொகுப்பை 'முதிர்ச்சி இல்லை', 'கட்டமைப்பு போதவில்லை' என்று சொல்லும் வரிகள் அங்கே இருக்கின்றன. எந்தக் கவிதையில், எந்த வரியில், எப்படிப் போதவில்லை என்று அடுத்த பத்தியில் இருக்காது. தொழில் தீர்ப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒழுக்கத் தீர்ப்பு உள்ளே வந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. எழுதியவர் துணியைப் புரட்டிப் பார்த்தாரா, இல்லை எதிரில் நின்று காலை மட்டும் பார்த்தாரா என்று கேட்டால் போதும். புரட்டிப் பார்த்தவரின் கட்டுரையில் தையலைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும்.